ஆரணியில் ஒரு கப்பல்

ஆரணிக்கு நான் போனது ஒரு கப்பலைப் பார்க்க. கடலுக்கும் அந்த ஊருக்கும் பேருந்தில் அரை நாள் தூரம்.

எழுபத்தொன்பதாம் வருஷம், புரட்டாசி மாதம். நான் பினாங்கில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் சில வருஷம் இருந்து, பழைய ஓவியங்களைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் கற்று வந்தவள் என்பதால் முதலாளி என்னை வைத்திருந்தார். அவர் சீனர். ஆங்கிலேயர் வரைந்த கடல் படம் என்றால் சோற்றை மறந்துவிடுவார். பினாங்கில் ஜவுளி விற்கும் ஆரணிக்காரர் ஒருவர், தம் ஊரில் பட்டு வியாபாரி ஏகாம்பரம் என்பவரின் வீட்டில் பெரிய கப்பல் படம் ஒன்று தொங்குவதாகச் சொல்லி, மங்கலான புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். படத்தின் மூலையில் ஒரு பெயர். அதைப் படித்த முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடல் ஓவியர்களில் அது அவ்வளவு பெரிய பெயர்.

"அவர் வரைந்ததுதானா? எந்த நிலையில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கொண்டு வா. நீ தமிழச்சி, உனக்கு அங்கே கஷ்டம் இருக்காது" என்றார் ஆங்கிலத்தில்.

அதற்கு முன் நான் இந்தியாவைப் பார்த்ததில்லை. தாத்தா அந்தப் பக்கத்தில் எங்கிருந்தோதான் ரப்பர் தோட்டத்துக்கு வந்தாராம். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தேடிப் போகும் ஆசையும் எனக்கு இருந்ததில்லை.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, அழுக்கு நீக்கும் திரவங்கள் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். "இதெல்லாம் குடிக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இன்னும் மோசம் என்பதுபோல் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். பஞ்சு, பூதக்கண்ணாடி, டார்ச், பிற்கால வண்ணப் பூச்சைக் காட்டிக்கொடுக்கும் ஒரு புற ஊதா விளக்கு, இவ்வளவுதான் என்னிடம் மிஞ்சின.

ரயில் என்னை 'ஆரணி ரோடு' என்ற நிலையத்தில் இறக்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது ஆரணி இல்லை, களம்பூர். அரிசி ஆலைகளின் ஊர். காற்றில் தவிட்டுத் தூள் பறந்து நாக்கில் ஒட்டியது. ஆரணிக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து பாதையை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. ஓட்டுநர் இறங்கிப்போய் டீ குடித்தார். பயணிகளும் இறங்கினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. பினாங்கில் படகு கால்மணி நேரம் தாமதமானால் நாங்கள் பண்ணும் ஆர்ப்பாட்டம் நினைவுக்கு வந்தது.

ஆலையில் வேலை முடித்து வந்த ஒரு பெண், தலைமுடியெல்லாம் தவிடாக, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்த ஊரு?"

"பினாங்கு."

"அது எந்தப் பக்கம், வந்தவாசி தாண்டியா?"

"ஆமாம், தாண்டித்தான்" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, தன் பொட்டலத்திலிருந்த வேர்க்கடலையில் பாதியை என் கையில் கொட்டினாள். பின்னால் இரண்டு ஆண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்குக்காரர்கள்தான் என்பதால் எனக்கு அது புரியும். "தாலியும் இல்லை, கூட ஆளும் இல்லை, பெட்டி மட்டும் பெரிதாக இருக்கிறது" என்றார் ஒருவர். "டாக்டராக இருப்பாள்" என்றார் மற்றவர். அதன்பின் இருவரும் என் பெட்டியை மரியாதையுடன் பார்த்தார்கள்.

ஏகாம்பரத்தின் வீடு தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை ஜிப்பா, விரல்களில் சாயம் ஏறி நகமெல்லாம் கருத்த கை. மனைவி காமாட்சியம்மாள், ஒரே மகன் தயாளன்.

"வாங்கம்மா. அவ்ளோ தூரத்துலருந்து வந்துகீறீங்க. மொதல்ல கை கால் கழுவிகினு நாஷ்டா பண்ணுங்க. படம் எங்கயும் பூடாது" என்றார்.

இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். கடலைப் பருப்பும் சோம்பும் மணக்கும் அந்தக் குழம்பை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை. மூன்றாவது இட்லியில் உள்ளறையிலிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. பசி அழுகை. காமாட்சியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். கதவிடுக்கில் பார்த்தேன். ஏழெட்டு மாதப் பெண்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையால் பசும்பால் புகட்டினார். குழந்தை பாலைத் துப்பியது. மறுபடி புகட்டினார். மறுபடி துப்பியது.

"அம்மா எங்கே?" என்று கேட்டேன்.

ஏகாம்பரம் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒரு பேஜாரு ஆயிப்போச்சும்மா. நீங்க வர்றீங்கன்னு வூட்ட சுத்தம் பண்ணாங்க. மருமவ மல்லிகா, படத்தையும் எடுத்து சீயக்கா தண்ணி ஊத்தி, பீர்க்கங்கூட்டால தேச்சிட்டா. மூலைல இருந்த பேரு பூடுச்சு."

"அந்தப் பெண் இப்போது எங்கே?"

"தேசூருக்கு அனுப்பியாச்சு. அவங்க அம்மா வூட்டுக்கு."

"குழந்தை?"

"கொயந்த எங்க வூட்டுது."

கூடத்தில் படம் தொங்கியது. ஐந்தடி அகலம் இருக்கும். பழைய வார்னிஷ் பூச்சு பழுத்து, வானம் முழுக்கக் காப்பி நிறமாகியிருந்தது. அதன் நடுவே பாயைப் பாதி சுருட்டிய பெரிய கப்பல், பக்கத்தில், கரைக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு அலையில் எகிறும் மசூலாப் படகுகள், தொலைவில் வெள்ளையாக ஒரு கோட்டைச் சுவர். சென்னைக் கடற்கரைதான். சோதித்துக்கொண்டே போனேன். கீழ்விளிம்பு கரையான் தின்றது. இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். யாரோ பின்னாலிருந்து பட்டுத்துணித் துண்டு வைத்து வஜ்ஜிரத்தால் ஒட்டியிருந்தார்கள். அது இறுகி, முன்பக்கத்தில் வண்ணத்தைச் சுருட்டித் தள்ளியிருந்தது. துணிக்கு முதுகு கொடுக்க எப்போதோ பூசிய மாவுப்பசையைப் பூச்சி அரித்திருந்தது. மேலே விளக்குப் புகை. ஒரு நோயாளிக்கு இவ்வளவு நோய்கள் இருந்தால் மருத்துவர் உறவினர்களை வெளியே அழைத்துப் பேசுவார்.

வலது கீழ்மூலை மட்டும் ஒரு தட்டு அகலத்துக்கு வெளுத்திருந்தது. முகர்ந்தால் இன்னமும் சீயக்காய் வாசனை.

"கடைசியா பேரு இருந்த எடம் அதான்" என்றார் ஏகாம்பரம். அவர் அருகில் வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தின் கதையை அவரே சொன்னார். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது சாமான்களை ஏலம் விட்டார்களாம். அப்போது அவரும் தம்பியும் சேர்ந்து தொழில் செய்தார்கள். தம்பி பாவு நூல் வாங்க வெளியூர் போயிருந்த சமயம், இவர் தறிக்கு என்று இருவரும் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துப்போய் இந்தப் படத்தை ஏலத்தில் எடுத்துவிட்டார்.

"பேரு இருந்துச்சும்மா. காலேஜ் வாத்தியாரு ஒருத்தரு படிச்சிட்டு, ஏகாம்பரம், இது லட்சத்துல ஒண்ணுன்னாரு. தம்பி வந்து பாத்தான். சோறு திங்கிற வூட்டுக்குள்ள கப்பல மாட்டிட்டியே, உன்ன எவனோ ஏமாத்திட்டான்னு சொன்னான். அன்னிக்குப் பிரிஞ்சி சேவூருக்குப் போனவன்தான். சாவுற வரைக்கும் பேசல. செத்தப்ப போனேன். மொகத்தப் பாக்க உள்ள வுடல, அவன் பொண்டாட்டி." கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "நெசமான ஆளு வந்து சொல்லட்டும், அப்ப இந்த ஊரு தெரிஞ்சிக்கும்னு இருந்தேன். நீங்க வர்றதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சு."

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். மின்சாரம் வரும், போகும். வந்தாலும் விளக்கு அழுதுகொண்டே எரியும். என் ஊதா விளக்கு எரியவேயில்லை. படத்தை இறக்கி, பின்கட்டு முற்றத்து வெளிச்சத்தில் சாய்த்து வைக்கச் சொன்னேன். தயாளன் தூக்கி வந்தான். முப்பது வயதுக்குள் இருப்பான். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கமாட்டான்.

திரவங்கள் இல்லாதபோது எங்கள் தொழிலில் எச்சிலைப் பயன்படுத்துவோம். லண்டனிலும் அப்படித்தான். மெல்லிய அழுக்கை எடுக்க அதைவிட நல்லது இல்லை. பஞ்சை நாக்கில் நனைத்து மூலையில் உருட்டினேன். பின்னால் காமாட்சியம்மாள் மூச்சை இழுத்தது கேட்டது.

"எச்சிலா?" என்றார் ஏகாம்பரம்.

"இதுதான் முறை."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். காமாட்சியம்மாள் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விஷயம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பழைய எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். படம் முழுக்கச் சிலந்தி வலைபோல நுண்ணிய வெடிப்புகள். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஓவியர் கையெழுத்துப் போட்டிருந்தால், வெடிப்பு அந்த எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. கழுவியதில் மேலே இருந்த எழுத்து போய்விட்டது. ஆனால் வெடிப்புகளுக்குள் கறுப்பு இறங்கி, நூல் நூலாக எழுத்தின் வடிவிலேயே நின்றது. அதாவது, படம் வெடித்துப் பல காலம் ஆன பிறகுதான் யாரோ பெயரை எழுதியிருக்கிறார்கள். அதுவும் எண்ணெய் வண்ணத்தில் இல்லை. என் எச்சில் பஞ்சிலேயே கறுப்பு ஏறியது. கோந்து கலந்த சாயம். ஏலம் போட்டவரோ, அவருக்கு முன்னால் வேறு யாரோ.

அது போதாது என்பதுபோல் கப்பலின் கொடியும் பேசியது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடி. அதன் மூலையில் இருக்கும் ஆங்கிலேயச் சின்னத்தில் மூலைக்கு மூலை சாய்வாகச் சிவப்புக் கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகள் சேர்ந்தது 1801இல். பெயருக்குரிய ஓவியர் அதற்குச் சில வருஷம் முன்பே இறந்துவிட்டார். கொடியை யாராவது பிறகு திருத்தியிருப்பார்களோ என்று பார்த்தேன். வானத்தில் ஓடிய வெடிப்பு கொடிக்குள்ளும் தடையில்லாமல் ஓடியது. எல்லாம் ஒரே கை, ஒரே காலம்.

நல்ல கைதான். கயிறு ஒவ்வொன்றும் எங்கே கட்டப்படவேண்டுமோ அங்கே கட்டப்பட்டிருந்தது. அலை மட்டும் கொஞ்சம் மரம்போல் இருந்தது. கப்பலில் வந்த யாராவது, கடலைவிடக் கப்பலை நன்றாக அறிந்தவர், வரைந்திருக்க வேண்டும். பெயர் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தப் பெண் எதையும் கெடுக்கவில்லை. சொல்லப்போனால், படத்தின் மீது யாரோ எழுதிவைத்த பொய்யை எடுத்திருக்கிறாள். இதைச் சொன்னால் அவளை அழைத்துக்கொள்வார்கள் என்று நம்பி எழுந்தேன்.

ஏகாம்பரத்தை அழைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, வெடிப்புக்குள் இறங்கிய கறுப்பைக் காட்டினேன். கொடியைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நீங்கள் சாயத் தொழிலில் இருப்பவர். கெட்டிச் சாயம் ஒரு தடவை சீயக்காயில் போகுமா?"

"போவாது" என்றார்.

"அப்படியானால் இது ஓவியர் போட்ட பெயர் இல்லை. உங்கள் மருமகள் மேல் தப்பு இல்லை."

அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "புரியுதும்மா. சாயம் எது ஓடும், எது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா. அவ கழுவுன அன்னிக்கே, தண்ணி கறுப்பா ஓடுனதப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சு."

"பிறகு ஏன் அவளை அனுப்பினீர்கள்?"

"அவ கெடுத்தான்னா, என் கையில இருந்தது நெசம். அவ கெடுக்கலைன்னா, என் தம்பி சொன்னது நெசம்." முற்றத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு செய்ங்க. பேரு நெசமானதுதான், கழுவுனதுல பூடுச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நாளைக்கே அந்தப் பொண்ண இட்டாரச் சொல்றேன். அறியாப் பொண்ணு, மன்னிச்சிட்டேன்னு நாலு பேர் முன்னால சொல்றேன்."

"உண்மையை எழுதினால்?"

"எழுதுங்க. உங்க இஷ்டம். ஆனா அவ இங்க வரவேணாம். அவ மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும்."

காமாட்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

என் பெயரைப் போட்டு நான் பொய் எழுதியதில்லை. மத்தியானம் காராமணிக் குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டார்கள். கடைசியில், தேசூர் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். ஏகாம்பரம் தடுக்கவில்லை. தயாளனைத் துணைக்கு அனுப்பினார்.

மறுநாள் காலைப் பேருந்தில் வேட்டிகளும் கோழிகளும் ஒரு தையல் இயந்திரமும் எங்களோடு வந்தன. பாதி வழியில் சக்கரம் வெடித்தது. நடத்துநர், "ஜல்தி ஆயிடும், எறங்காதீங்க" என்றார். எல்லோரும் இறங்கினார்கள். சரிசெய்ய வெகுநேரம் ஆகியது. வந்தவாசியில் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தபோது தயாளன் எனக்குப் பூரி வாங்கித் தந்தான். தான் சாப்பிடவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "இன்னும் வெக்கல, மேடம். பாப்பான்னுதான் கூப்புடறோம்" என்றான். வழி முழுக்க எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

தேசூரில் ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் அவன் நின்றுவிட்டான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் போங்கள் என்று கை காட்டினான்.

மல்லிகாவுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் கேக்கலக்கா. இந்தப் பக்கம் வாங்க."

வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். இடது காதின் கீழே கன்னம் பச்சையாகவும் மஞ்சளாகவும் வீங்கி வற்றியிருந்தது. யார் அடித்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண் ஒரு கணம் வாசலுக்கு, வேப்பமரத்தடிக்குப் போய்த் திரும்பியது. நான் கேட்கவில்லை.

"பாப்பாவ இட்டாந்தீங்களா?" என்றாள்.

"இல்லை."

அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. அவள் அம்மா பச்சையம்மாள், காட்டு வேலைக்குப் போகிறவர், அன்று போகாமல் வீட்டில் இருந்தார். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்.

வெடிப்பையும் சாயத்தையும் கொடியையும் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் விளக்கினேன். "நீ எதையும் கெடுக்கவில்லை. அந்தப் பெயர் பொய்" என்றேன்.

பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "அப்ப எதுக்குடி உன்ன அடிச்சாங்க?"

மல்லிகா அமைதியாகச் சொன்னாள்: "அத்தைதான் சொன்னாங்கக்கா. கூடத்தத் தொடச்சிட்டு, கப்பலையும் கழுவிடு, வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கன்னு. மாமா கத்துனப்போ அவங்க வாயத் தொறக்கல. தொறந்திருந்தா அவங்களுக்கு விழுந்திருக்கும்."

ஏகாம்பரம் கேட்ட பேப்பரைப் பற்றியும் சொன்னேன். மறைத்து வைப்பதில் நியாயமில்லை. பொய் எழுதினால் அவள் போகலாம், உண்மை எழுதினால் போக முடியாது.

"எழுதாதீங்கம்மா" என்றார் பச்சையம்மாள் உடனே. "செய்யாததுக்கு ஏன் தல குனியணும்? இன்னிக்கி மன்னிச்சேம்பாங்க. நாளைக்கு அந்தக் கொயந்தகிட்டயே சொல்லுவாங்க, உங்கம்மா கை பட்டா வெளங்காதுன்னு. நாலு பெரியவங்கள வெச்சிப் பேசுவோம். கொயந்தயக் கேப்போம்."

"எப்பம்மா பேசுவ?" என்றாள் மல்லிகா. "அவங்க வரணும், உக்காரணும், பேசணும். எனக்குப் பால் வத்திகினு வருது." பிறகு என் பக்கம் தன் நல்ல காதைத் திருப்பினாள். "நான் கெடுத்தேன்னே எழுதிக் குடுங்கக்கா. பேரு யாருதா இருந்தா எனக்கென்ன."

"யோசித்துச் சொல்."

"யோசிச்சிட்டேன்."

பச்சையம்மாள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

திரும்பும் பேருந்தில் தயாளன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் கிடந்த அவன் கைகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மெலிந்த, நீண்ட விரல்கள். ஜரிகை பிரிக்கும் கை.

"அவள் படத்தைக் கெடுக்கவில்லை, தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மேடம். நீங்க அப்பாகிட்ட பேசுனப்போ பின்னாலதான் இருந்தேன்."

"அவரிடம் நீ ஒரு வார்த்தை சொல்லலாமே."

"சொன்னா நானும் எங்க சித்தப்பா மாதிரிதான்" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவளுக்குக் காது சரியாயிடுச்சா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆரணி வரும்வரை திரும்பவில்லை.

அன்றே எழுதிக் கொடுத்தேன். ஏகாம்பரம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார், ஆங்கிலத்தில் எழுதினேன். படத்தின் வலது மூலையிலிருந்த ஓவியரின் உண்மையான கையெழுத்து, அறியாமல் கழுவப்பட்டதால் அழிந்துபோனது. கீழே என் பெயர், நான் படித்த இடம். கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்டேன்: "இதை வைத்துப் படத்தை யாருக்காவது விற்பீர்களா?"

"விக்கவா?" என்றார். "தம்பியக் குடுத்து வாங்குனது. அதப் போயி விப்பாங்களா?" அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் தெருக்காரர்கள் சிலரைக் கூட்டி, பள்ளி ஆசிரியர் ஒருவரை வைத்துப் பேப்பரைத் தமிழில் சொல்லவைத்தார். தறிகள் கொஞ்ச நேரம் நின்றன. ஓவியரின் பெயர் வந்த இடத்தில் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன். இளைத்துப்போன மனிதர் ஒருவர் நல்ல சோறு சாப்பிடுவது போலிருந்தது.

மதியம் மல்லிகா வந்தாள். அவளுக்குத் தம்பி முறையான ஒரு பையன் கொண்டுவந்து விட்டுப் போனான், பச்சையம்மாள் வரவில்லை. வாசலில் நிற்கவைத்து, "தெரியாம செஞ்சிட்ட. வுடு. மன்னிச்சிட்டேன்" என்றார் ஏகாம்பரம், தெருவுக்குக் கேட்கும்படி. அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். மாமியார் காலையும் தொட்டாள். காமாட்சியம்மாள் பின்வாங்கினார்.

குழந்தையை வாங்கிக்கொண்டு மல்லிகா சமையற்கட்டின் மூலையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தை வாய் வைத்தது, விட்டது, அழுதது. மறுபடி வைத்தது. காமாட்சியம்மாள் பாலாடையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இருங்க அத்தை. வரும்" என்றாள் மல்லிகா.

வந்ததா என்று எனக்குத் தெரியாது. வாசலில் வண்டி நின்றது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனேன். அவளுடைய இடது காதுப் பக்கம் நின்று சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை. குழந்தையைப் பார்த்தபடியே இருந்தாள். நான் திரும்பவும் சொல்லவில்லை.

பினாங்கில் முதலாளிக்கு வாய்மொழியாக உள்ளதைச் சொன்னேன். பெயர் பொய், படம் பெயர் தெரியாத ஒருவருடையது, நிலை மிக மோசம். "பாவம், வீண் பயணம்" என்று சொல்லிவிட்டுத் தன் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தார். மீனம்பாக்கத்தில் போன குப்பிகளுக்காகத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

எண்பத்தைந்தில், சேவூரிலிருந்து ஓர் அம்மாள் மகனோடு தங்குவதற்குப் பினாங்கு வந்திருந்தார். கோயிலில் பழக்கமானோம். ஆரணியில் பட்டு வியாபாரி ஏகாம்பரத்தைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். அவருடைய மருமகள் மல்லிகா எப்படி இருக்கிறாள் என்றேன்.

அந்த அம்மாள் யோசித்தார். "மல்லிகாவா? ஓ, கப்பலு கழுவுனவளா. கீறாம்மா. காதுதான் செவுடு. ரெண்டாவது கொயந்த நிக்கல. மூத்தது பொண்ணு, ஸ்கூலு போவுது. பசங்க அதயும் கப்பலு கப்பலுன்னுதான் கூப்புடுதுங்க."

"அவள் அந்தப் படத்தைக் கெடுக்கவில்லை அம்மா" என்றேன். "அதில் இருந்த பெயரே பொய். சோதித்தவள் நான்தான்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். வயதாகி மறதி வந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல.

"நீங்களேதானம்மா எழுதிக் குடுத்தீங்க" என்றார். "உங்க பேப்பர, அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே கண்ணாடி போட்டு மாட்டிகீறாங்க. அத்தக் காட்டிக் காட்டித்தான் எல்லாருக்கும் சொல்றாரு."